தணிக்கைச் சட்டத்தின் கீழ் விற்ற ‘பெரியவர்களுக்கான’ இதழ்கள்: தடுத்தது சட்டமா, கடைக்காரரா?

ஏடகன் எழுதியது:

ஆபாசத் தடைச் சட்டங்கள் கடுமையாக இருந்த காலத்தில் வயது வந்தோருக்கான இதழ்கள் எப்படி விற்பனையாயின என்று கேட்டால், ‘கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்து விற்றார்கள்’ என்ற ஒற்றை வரியோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. நான் அந்த வரிக்குப் பின்னால் போக விரும்புகிறேன். இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை இதழை அச்சிடும் முன் யாரிடமும் காட்டி ஒப்புதல் வாங்கச் சொல்லவில்லை. திரைப்படத்துக்கு இருப்பதுபோல ஒரு தணிக்கைக் குழுவோ சான்றிதழோ இதழுக்குக் கிடையாது. அச்சாகி, கட்டுக் கட்டாகக் கடைக்கு வந்து, ஒருவர் கையில் விற்ற பிறகுதான் அது ஆபாசமா இல்லையா என்று நீதிமன்றம் சொல்லும்.

அந்த ஆபாசத்துக்கான அளவுகோல் என்ன? இங்கிலாந்தில் 1868-இல் ஹிக்லின் வழக்கில் சொல்லப்பட்ட விதி, ஆங்கிலேயச் சட்டம் பரவிய நாடுகளில் எல்லாம் வேரூன்றியது. ஓர் எழுத்து யார் கைக்குப் போய்ச் சேரக் கூடுமோ, அவர்களில் எளிதில் கெடக்கூடிய மனம் உடையவரைக் கெடுக்கும் போக்கு அதற்கு இருந்தால் அது ஆபாசம் என்பதே அதன் சாரம். இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் வந்து இறங்கிய நாற்பது இதழ்களில் எதை வெளியே தொங்கவிடலாம், எதை உள்ளே வைக்கலாம், எதைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பலாம் என்று ஒரு கடைக்காரர் எப்படி முடிவெடுப்பார்? அவர் படித்துப் பார்த்து முடிவெடுக்கவில்லை, அட்டையைப் பார்த்து முடிவெடுத்தார். நீதிபதி பிடிக்க வேண்டிய சிவப்புப் பேனாவை இந்தச் சட்டங்கள் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டன என்பதே என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

கோல்முனை எழுதியது:

மறுக்கிறேன். விற்பவர் தாம் விற்கும் பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது எல்லா வணிகத்துக்கும் உள்ள விதி. காலாவதியான மருந்தை விற்றவர் ‘நான் அட்டையைத்தான் பார்த்தேன்’ என்று சொன்னால் நாம் ஏற்பதில்லை.

அதைவிட அடிப்படையான கேள்வி, அந்தச் சட்டங்களின் நோக்கம் எது என்பது. பெரியவர் ஒருவர்கூடப் படிக்கக் கூடாது என்பதுதான் நோக்கம் என்று வைத்துக்கொண்டால் அவை தோற்றன என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் பல நாடுகளில் நோக்கம் அதுவாக இருக்கவில்லை. மேற்கு ஜெர்மனியில் 1953-இல் வந்த இளையோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்படி 1954-இல் தொடங்கிய ஆய்வு அலுவலகம் ஓர் இதழைத் தன் பட்டியலில் சேர்த்தால், அந்த இதழ் தடைசெய்யப்பட்டுவிடாது. தெருவோரச் சிறுகடையில் விற்கக் கூடாது, தபாலில் அனுப்பி விற்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, சிறுவர் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பெரியவர் கடைக்குள் வந்து கேட்டால் கொடுக்கலாம். கல்லாப்பெட்டிக்கு அடியில் இருந்தது சட்டத்தை ஏமாற்றிய இடம் அன்று, சட்டமே காட்டிய இடம். ஆடு நுழையாதிருக்கப் போட்ட வேலியை, ஆள் படலைத் திறந்துகொண்டு போனார் என்பதற்காகத் தோற்ற வேலி என்பீர்களா?

அமெரிக்காவிலும் 1968-இல் கின்ஸ்பெர்க் வழக்கில், பெரியவருக்கு ஆபாசம் ஆகாத இதழ்கூட 17 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கும்போது குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒரே இதழ், வாங்குபவரைப் பொறுத்து வேறு சட்டம். இதைவிடத் தெளிவான கோடு எங்கே இருக்கிறது?

ஏடகன் எழுதியது:

அந்த வழக்கை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. லாங் ஐலண்டில் கணவனும் மனைவியும் நடத்திய சிறு கடை அது. எழுதுபொருளும் சிற்றுண்டியும் விற்பார்கள், சுவரோரம் இதழ்களும் இருக்கும். 1965-இல் அங்கே வந்து இரண்டு இதழ்களை வாங்கிய 16 வயதுப் பையன் தானாக வரவில்லை. கடைக்காரர்மீது வழக்குத் தொடர வழி கிடைக்க வேண்டும் என்பதற்காக அவனுடைய தாயே அவனை அனுப்பினார் என்பதை மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஃபோர்டஸ் குறிப்பிடுகிறார். உங்கள் வேலிக்குள் ஆடு நுழையவில்லை ஐயா, ஆட்டைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

மருந்து உவமையும் பொருந்தவில்லை. மருந்தின் மேல் தேதி அச்சிட்டிருக்கும். ‘இந்த மாத இதழ் ஆபாசம்’ என்று எந்த அட்டையில் அச்சிட்டிருந்தது? விற்றவருக்கு உள்ளே இருப்பது தெரிந்திருந்ததா என்ற கேள்வியில் இரண்டு நாட்டு உச்ச நீதிமன்றங்கள் நேர் எதிர்த் திசையில் போயின. 1959-இல் ஸ்மித் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம், உள்ளடக்கம் தெரியாத புத்தகக் கடைக்காரரைத் தண்டிக்க முடியாது என்றது. அப்படித் தண்டித்தால் அவர் தாமே படித்துப் பார்த்தவற்றை மட்டும் விற்பார், கடையில் இருப்பது சுருங்கிப்போகும், இழப்பு அவருக்கு மட்டுமன்றிப் படிப்பவர் அனைவருக்கும் என்பது அதன் காரணம். 1964-இல் ரஞ்சித் உதேஷி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், இந்திய தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவுக்கு அந்த அறிவை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. அந்த வழக்கில் சிக்கியவர் எழுத்தாளரோ பதிப்பாளரோ அல்லர், பம்பாயில் புத்தகக் கடை நடத்திய பங்குதாரர்களில் ஒருவர். பின்னர் 1969-இல் அதே பிரிவின் தண்டனை, முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் என்பதிலிருந்து இரண்டு ஆண்டு வரை என உயர்ந்தது. படிக்காத புத்தகத்துக்காக இரண்டு ஆண்டு சிறை செல்லக்கூடும் என்று தெரிந்த பிறகு ஒரு கடைக்காரர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அஞ்சல்தலை எழுதியது:

நீங்கள் இருவரும் கடையை விட்டு வெளியே வரவே இல்லை. அமெரிக்காவைப் பொறுத்தவரை உண்மையான தணிக்கையாளர் நீண்ட காலம் தபால் துறைதான். 1873-ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டம் ஆபாசமான எதையும் தபாலில் அனுப்புவதைக் குற்றமாக்கியது. அதற்கு மேல் தபால் துறையிடம் இன்னும் நுட்பமான ஓர் ஆயுதம் இருந்தது. அதுதான் தபால் கட்டணம். பருவ இதழ்களுக்கு இரண்டாம் வகுப்பு என்ற சலுகைக் கட்டணம் உண்டு. 1943-இல் ‘எஸ்குவையர்’ இதழின் சலுகையைத் தபால் துறைத் தலைவர் பறித்தார். இதழ் ஆபாசம் என்று அவர் சொல்லவில்லை, பொது நலனுக்குப் பங்களிக்கவில்லை என்றார். அதனால் ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் டாலர் கூடுதல் செலவு என்று கணக்கிட்டார்கள். 1946-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்யாவிட்டால், யாரையும் சிறையில் தள்ளாமலேயே ஓர் இதழை மூடியிருக்கலாம்.

இந்தத் தபால் வழிக்கு ஏற்பத்தான் இதழ்களும் வேடம் போட்டன. நிர்வாண வாழ்வு இயக்கத்தின் உடல்நல ஏடு என்று சில வந்தன. ஓரினச் சேர்க்கையாளர்கள் வாங்கிய ஆண் உடற்படங்கள், உடற்பயிற்சி இதழ் என்ற பெயரில் வந்தன. அப்படிப்பட்ட இதழ்களின் 400-க்கு மேற்பட்ட பிரதிகளைத் தபால் துறை நிறுத்திவைத்து, அது 1962-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், இதழ்களே வென்றன. சமூகப் பயன் சிறிதும் இல்லாததுதான் ஆபாசம் என்ற நிலை 1960-களில் வந்தபோது, படங்களுக்கு நடுவே ஒரு மருத்துவரின் முன்னுரையும், திருமண வாழ்வு பற்றிய கட்டுரையும், கொஞ்சம் இலக்கியமும் சேர்க்கப்பட்டன. படிப்பவருக்காக அன்று, வழக்கு வந்தால் வழக்கறிஞர் எடுத்துக்காட்டுவதற்காக.

ஆனால் வேடம் கலைந்த இடமும் உண்டு. ‘ஈராஸ்’ என்ற விலையுயர்ந்த இதழை நடத்திய ரால்ஃப் கின்ஸ்பர்க்கை (மேலே சொன்ன கடைக்கார கின்ஸ்பெர்க் வேறு, இவர் வேறு, இருவரையும் குழப்பாதவர் குறைவு) 1966-இல் உச்ச நீதிமன்றம் கைவிட்டது, முதன்மையாக இதழில் இருந்ததற்காக அல்ல, அதை விளம்பரப்படுத்திய விதத்துக்காக. பென்சில்வேனியாவில் ‘இன்டர்கோர்ஸ்’, ‘புளூ பால்’ என்ற பெயருள்ள சிற்றூர்களின் அஞ்சல் முத்திரை உறைமேல் விழ வேண்டும் என்று முயன்று, அந்தச் சிறு அஞ்சலகங்களால் அத்தனை உறைகளைக் கையாள முடியாததால் நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸிலிருந்து லட்சக்கணக்கில் அனுப்பினார். அந்த முத்திரைகளே அவருக்கு எதிரான சான்றாயின. 1972-இல் எட்டு மாதம் சிறையில் இருந்தார்.

கோல்முனை எழுதியது:

அஞ்சல்தலை சொன்னது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. வீட்டு வாசலுக்குக் கேட்காமலே வந்து விழும் விளம்பரத்தை நீதிமன்றம் கண்டித்தது. உள்ளடக்கத்தைவிட விற்கும் முறையே கவனிக்கப்பட்டது. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

நீலவானி எழுதியது:

விற்கும் முறை என்று பேசினால் ஜப்பானைத் தாண்டிப் போக முடியாது. 1907-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 175-ஆம் பிரிவு ஆபாசப் பொருள்களை விற்பதைத் தடுக்கிறது. நடைமுறையில் நீண்ட காலம் அது உடலின் ஒரு பகுதியைக் காட்டுவதா மறைப்பதா என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கியது. வெளிநாட்டு இதழ்கள் துறைமுகத்தில் இறங்கியதும், பக்கம் பக்கமாகப் புரட்டி உரிய இடத்தில் கறுப்பு மை பூசுவார்கள், இல்லையென்றால் அச்சைச் சுரண்டி எடுப்பார்கள். இதழில் உள்ள நேர்காணல், சிறுகதை, மது விளம்பரம் எதையும் தொடுவதில்லை. நாள் முழுவதும் இந்த இதழ்களையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அரசு ஊழியர்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

உள்நாட்டு வணிகம் வேறு வழி கண்டது. 1970-களில் இதழ் விற்கும் தானியங்கி இயந்திரங்கள் பெருகின. முகம் பார்க்கும் கடைக்காரர் இல்லை, வயது கேட்பவர் இல்லை, வாங்குபவருக்கு வெட்கமும் இல்லை. எதிர்ப்பு எழுந்ததும் இயந்திரத்தின் கண்ணாடியில் வெள்ளிநிறப் படலம் ஒட்டினார்கள். பகலில் அது முகம் பார்க்கும் கண்ணாடிபோல எதையும் காட்டாது, இரவில் உள்விளக்கு எரிந்ததும் அட்டைகள் துலங்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகும் அதே இயந்திரம் இருட்டியதும் கடை ஆகிவிடுகிறது. 1980 வாக்கில் பிளாஸ்டிக் உறையில் மூடி ஒட்டிய இதழ்கள் பெரும் மோகமாயின. கடையில் நின்று புரட்ட முடியாது. அந்த உறை பொது ஒழுங்கைக் காத்தது என்று கோல்முனை சொல்லலாம். ஆனால் உறைக்குள் ஏதோ இருக்கிறது என்ற எதிர்பார்ப்பை விற்றதும் அந்த உறையே. பணம் கொடுத்துப் பிரித்தவர் உள்ளே அட்டை அளவுக்கு எதுவும் இல்லை என்று கண்டால் யாரிடம் போய் முறையிடுவார்?

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியின் தணிக்கையின் கீழ் வந்த ‘ஸ்கோப்’ இதழில் பெண்களின் மார்பின்மேல் சிறு நட்சத்திரங்கள் அச்சிட்டு மறைத்தார்கள். காலப்போக்கில் அந்த நட்சத்திரமே இதழின் அடையாளம் ஆகிவிட்டது. மறைக்க வைத்த குறி, விளம்பரக் குறியாக மாறிய கதை இது. எனவே ஏடகன் ‘கடைக்காரர் தணிக்கையாளர் ஆனார்’ என்பதோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. தணிக்கையை விற்பனைக்குப் பயன்படுத்திக்கொள்ளவும் வணிகம் கற்றுக்கொண்டது. அவர்களைப் பாவம் என்று மட்டும் பார்க்காதீர்கள்.

கோல்முனை எழுதியது:

ஜப்பானின் கதையை நீலவானி பாதியில் நிறுத்திவிட்டார். அந்த இயந்திரங்களில் இளையோருக்குத் தீங்கான இதழ்களை வைக்கக் கூடாது என்ற கிஃபு மாகாணத்தின் விதியை 1989-இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் செல்லும் என்று ஏற்றது. இயந்திரத்துக்கு வயது கேட்கத் தெரியாது என்பதால் அது நியாயம்தான். அதன்பின் 2019 ஆகஸ்ட் இறுதிக்குள் பெரிய சங்கிலிக் கடைகள் வயது வந்தோர் இதழ்களை விற்பதையே நிறுத்தின. அவற்றுக்கு யாரும் தடை போடவில்லை. கடைக்குப் பெண்களும் குழந்தைகளும் வருகிறார்கள், வெளிநாட்டு விருந்தினர் வரப்போகிறார்கள் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். ஒருவர் தம் கடையில் எதை அடுக்குவது என்று தாமே தீர்மானிப்பதையும் தணிக்கை என்றால், அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகும். ஏடகன் பதில் சொல்லட்டும்.

ஏடகன் எழுதியது:

2019-ஐ நான் தணிக்கை என்று சொல்லமாட்டேன். அந்த அளவில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் ‘தாமே தீர்மானித்தார்கள்’ என்று சொல்லப்படும் எல்லாமே தாமே தீர்மானித்தவை அல்ல. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1956-இல் இளையோர் ஒழுக்கத்தை வளர்க்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதற்கு எதையும் தடைசெய்யும் அதிகாரம் கிடையாது. மொத்த விற்பனையாளருக்கு அது ஒரு கடிதம் எழுதும். இன்னின்ன இதழ்கள் இளையோருக்கு உகந்தவை அல்ல என்று கருதுகிறோம், உங்கள் ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி, இந்தப் பட்டியல் காவல் துறைக்கும் போகிறது என்ற தொனியில் அது இருக்கும். சில நாள் கழித்து உள்ளூர்க் காவலர் ஒருவர் வந்து, கடிதத்தின்மேல் என்ன செய்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்பார். விற்பனையாளர் புதிய பிரதிகளுக்கு ஆணை கொடுப்பதை நிறுத்தினார், கடைகளில் இருந்தவற்றைத் திரும்ப எடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டார். நீதிபதி இல்லை, வழக்கு இல்லை, அபராதம் இல்லை. அந்த மாநிலத்தில் யார் எதைப் படிக்கலாம் என்பது ஒரு கிடங்கில் முடிவாகிவிட்டது. 1963-இல் உச்ச நீதிமன்றம் இதை முறைசாராத் தணிக்கை என்று கண்டித்தது.

கண்டித்த பிறகாவது நின்றதா? 1986-இல் அமெரிக்க அரசுத் தலைமை வழக்கறிஞர் அமைத்த மீஸ் ஆணையம், உங்கள் நிறுவனம் ஆபாச விற்பனையில் ஈடுபட்டிருப்பதாக ஒருவர் சாட்சியம் அளித்திருக்கிறார், பதில் இருந்தால் அனுப்புங்கள், பதில் வராவிட்டால் மறுப்பு இல்லை என்று கொள்வோம் என்று பெரு நிறுவனங்களுக்கு எழுதியது. அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு சங்கிலிக் கடை நிறுவனம் தன் நேரடி நிர்வாகத்தில் இருந்த சுமார் 4,500 கடைகளிலிருந்து ‘பிளேபாய்’, ‘பென்ட்ஹவுஸ்’ உள்ளிட்ட இதழ்களை அகற்றப்போவதாக அறிவித்தது. அந்த இதழ்கள் ஆபாசம் என்று யாரும் தீர்ப்பு வழங்கியிருக்கவில்லை. ஜூலையில் நீதிமன்றம் தலையிட்டுக் கடிதத்தைத் திரும்பப் பெறச் சொன்னது. அலமாரி அதற்குள் காலியாகிவிட்டது.

அஞ்சல்தலை எழுதியது:

தெளிவில்லாத சட்டத்தின் இன்னொரு விளைவு இந்த விவாதத்தில் இன்னும் வரவில்லை. அது மாமூல். இலண்டனின் சோஹோ பகுதியில் இருந்த கடைகள் 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் எப்படித் திறந்திருந்தன? ஆபாச வெளியீடுகளுக்கு எதிரான சட்டம் 1959-இலிருந்து கண்ணெதிரே இருந்தது. ஆபாச வெளியீடுகளைப் பிடிப்பதற்கென்றே இருந்த காவல் பிரிவினர் கடைக்காரர்களிடம் வாடிக்கையாகப் பணம் வாங்கிக்கொண்டார்கள், சோதனைக்கு முன் தகவல் கொடுத்தார்கள், பறிமுதல் செய்த கட்டுகளில் சிலவற்றை வேறு கடைகளுக்கே விற்பனைக்கு அனுப்பினார்கள். அழிக்கப்பட வேண்டிய இதழ், காவல் துறைக் கிடங்கு வழியாக மறுபடியும் அலமாரிக்கு வந்தது. 1977-இல் அந்தப் பிரிவின் தலைவராக இருந்த பில் மூடிக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கமாண்டர் பதவியில் இருந்த வாலஸ் வர்கோவும் தண்டிக்கப்பட்டார். எது ஆபாசம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், எந்தக் கடையை விடுவது, எந்தக் கடையைப் பிடிப்பது என்ற முடிவுக்கு ஒரு விலை உருவானதில் வியப்பில்லை.

கோல்முனை எழுதியது:

இலண்டன் விவகாரத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அது முடிந்த பின் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். பிரிட்டனில் 1981-இல் வந்த சட்டம் ‘எது கெடுக்கும்’ என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, எது பொது இடத்தில் கண்ணில் படுகிறது என்பதை மட்டும் பார்த்தது. இந்த அறிவிப்பைத் தாண்டி உள்ளே போனால் நீங்கள் அநாகரிகம் என்று கருதக்கூடிய பொருள்கள் இருக்கும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பலகை வைத்தால் போதும். கடைக்காரர் எந்த இதழின் மனத்தையும் ஆராய வேண்டியதில்லை. கதவு எங்கே, பலகை எங்கே, உள்ளே வருபவருக்கு என்ன வயது என்பது மட்டும் தெரிந்தால் போதும். விற்பவருக்கு உள்ளடக்கம் தெரிந்திருந்ததா என்று கேட்காத சட்டம் தவறு என்பதை ஏடகனிடம் ஏற்கிறேன். ரஞ்சித் உதேஷி தீர்ப்பின் அந்தப் பகுதியை நான் ஆதரிக்கவில்லை. காட்சிக்கு வைப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை அதோடு ஒரே கட்டில் போட்டு வீசுவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஏடகன் எழுதியது:

வாசற்பலகையை நானும் எதிர்க்கவில்லை. கடைக்காரருக்கு முன்கூட்டியே தெரியும்படி சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. ஹிக்லின் விதியில் நான் கண்ட குறையும் இதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நீங்கள் இன்னும் தொடவில்லை. முழு விற்பனைக்கே தடை இருந்த இடத்தில் பலகையை எங்கே மாட்டுவது? அயர்லாந்தில் 1995 வரை ‘பிளேபாய்’ இதழுக்குத் தடை இருந்தது. அங்கே கல்லாப்பெட்டிக்கு அடியில் வைப்பதும் குற்றம்தானே?

நீலவானி எழுதியது:

அஞ்சல்தலை அவர்களுக்கு ஒரு சிறு திருத்தம். வாலஸ் வர்கோவின் தண்டனை 1978-இல் மேல்முறையீட்டில் ரத்தானது. மூடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சல்தலை எழுதியது:

ஆம், அந்த வரி என் தவறு. நன்றி.